உருகுதலின் கணக்கும் ‘உள்ளுறை வெப்பம்’ என்னும் சொல்லும்

முன்னுரை

ஒரு திடப்பொருளைச் சூடாக்கி உருக்குவதற்கு எவ்வளவு வெப்பம் வேண்டும் என்பது இன்று பள்ளி இயற்பியலின் எளிய பயிற்சிக் கணக்குகளுள் ஒன்றாகும். இக்கணக்கு இரண்டு படிகளைக் கொண்டது. முதற்படியில் பொருளின் வெப்பநிலை உருகுநிலைவரை உயர்கின்றது. இரண்டாம் படியில் வெப்பநிலை சிறிதும் உயராமலே பொருள் திடநிலையிலிருந்து நீர்மநிலைக்கு மாறுகின்றது. இந்த இரண்டாம் படியில் பொருள் ஏற்கும் வெப்பத்தைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ‘உள்ளுறை வெப்பம்’ என்கின்றன. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் ‘மறைவெப்பம்’ என்கின்றன. கேரளத்து மலையாளப் பாடநூல்கள் ‘லீனதாபம்’ என்கின்றன. ஒரே அளவைக் குறிக்க வழங்கும் இம்மூன்று சொற்களும் மூன்று வெவ்வேறு கருத்துருவங்களைத் தாங்கியுள்ளன. உருகுதலின் கணக்கு உருவான வரலாற்றோடு இச்சொற்களை ஒப்பிட்டு, தமிழ்வழி கற்கும் மாணவர்க்கு அவை எவ்வாறு துணை செய்கின்றன என ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வெப்பமானி காட்டியதும் காட்டாததும்

தென்னகத்தில் வெப்பநிலையை இடையறாது அளந்து பதிவுசெய்த தொடக்கக்கால நிலையங்களுள் திருவனந்தபுரம் வானாய்வுக்கூடம் குறிப்பிடத்தக்கது. சுவாதித் திருநாள் மன்னர் காலத்தில், 1837இல் நிறுவப்பட்ட இக்கூடத்தின் முதல் இயக்குநர் ஜான் கால்டிகாட் ஆவார். நிலத்தினுள் வெவ்வேறு ஆழங்களில் வெப்பமானிகளைப் புதைத்து மண்ணின் வெப்பநிலையை அவர் அளந்தார். 1852இல் பொறுப்பேற்ற ஜான் ஆலன் புரூன், 1855இல் அகத்தியமலை உச்சியிலும் ஒரு நோக்குநிலையம் அமைத்தார். தமிழ் மரபு அகத்தியரோடு இணைத்துப் போற்றும் மலையொன்றில் அறிவியற் கருவிகள் நிறுவப்பட்டமை எண்ணத்தக்கது.

ஆயினும் வெப்பமானி எதனை அளக்கின்றது என்னும் கேள்வி இங்கு எழுகின்றது. அது அளப்பது வெப்பநிலையையே அன்றி வெப்பத்தின் அளவை அன்று. ஒரு செம்பு வெந்நீரும் ஓர் அண்டா வெந்நீரும் வெப்பமானிக்கு ஒன்றாகவே தோன்றலாம். ஆனால் அவற்றைக் காய்ச்சச் செலவான விறகு ஒன்றன்று. ‘வெப்பம்’, ‘வெப்பநிலை’ என்று இன்றைய தமிழ் இரண்டு சொற்களால் பிரித்துணர்த்தும் இவ்வேறுபாடு பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை ஐரோப்பிய அறிஞரிடையேயும் தெளிவு பெறவில்லை. உருகுநிலையை அடைந்த பொருளுக்கு மேலும் சிறிதளவு வெப்பம் கொடுத்தாலே அது முழுதும் நீர்மமாகிவிடும் என்பதே அக்காலத்துப் பொதுக் கருத்தாக இருந்தது.

ஜோசப் பிளாக்கின் கணக்கு

இக்கருத்தை மறுத்தவர் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜோசப் பிளாக் ஆவார். மிகச்சிறிதளவு வெப்பமே பனிக்கட்டியை உருக்கப் போதுமாயின், குளிர்காலம் நீங்கியதும் மலைகளில் உறைந்து கிடக்கும் பனி முழுதும் ஒரே பொழுதில் உருகிப் பெருவெள்ளமாகியிருக்க வேண்டும். அவ்வாறு நிகழ்வதில்லை என்பதிலிருந்து அவர் தம் ஆராய்ச்சியைத் தொடங்கினார்.

அவர் செய்த சோதனை எளிமையானது. ஒத்த அளவுள்ள இரண்டு கண்ணாடிக் குடுவைகளுள் ஒன்றில் பனிக்கட்டியையும் மற்றொன்றில் அதே நிறையுள்ள, 33 பாரன்ஹீட் பாகைக் குளிர்நீரையும் வைத்து, 47 பாகை வெப்பநிலை நிலவிய ஒரு கூடத்தில் தொங்கவிட்டார். குளிர்நீர் அரைமணி நேரத்தில் 40 பாகையை எட்டியது. அதாவது 7 பாகை உயர்ந்தது. 32 பாகையில் உருகத் தொடங்கிய பனிக்கட்டி, உருகி முடிந்து அதே 40 பாகையை எட்டப் பத்தரை மணி நேரம், அதாவது 21 அரைமணிகள் ஆயின. இரண்டு குடுவைகளும் ஒரே காற்றிலிருந்து ஏறத்தாழ ஒரே வேகத்தில் வெப்பம் பெற்றன என்று கொண்டால், பனிக்கட்டி பெற்ற வெப்பம் 21 × 7 = 147 பாகைக்கு ஈடாகும். அதில் 8 பாகை மட்டுமே வெப்பமானியில் தெரிந்தது. எஞ்சிய 139 பாகைக்கு ஈடான வெப்பம் உருகுதலுக்கே செலவாகியிருந்தது.

பிளாக் இம்மதிப்பை 139 அல்லது 140 எனக் கொண்டார். செல்சியஸ் அளவில் இது ஏறத்தாழ 78 பாகை. இன்று ஏற்கப்படும் மதிப்பு கிராமுக்கு 79.7 கலோரி, அதாவது கிலோகிராமுக்கு 334 கிலோஜூல் ஆகும். இரண்டு குடுவைகளும் ஒரு வெப்பமானியும் ஒரு கடிகாரமும் கொண்டு செய்த கணக்கு இத்துணை நெருங்கி வந்தமை வியப்புக்குரியது. 1762 ஏப்ரலில் கிளாஸ்கோவில் ஓர் அறிஞர் கழகத்தின் முன் பிளாக் தம் முடிவுகளைப் படித்தார். எனினும் அவருடைய விரிவுரைகள் அவர் மறைந்த பின்னர், 1803இல்தான் நூலாயின. இதற்கிடையே சுவீடனைச் சேர்ந்த யோஹான் வில்கே 1772இல் தனியே இவ்வுண்மையைக் கண்டு வெளியிட்டார்.

பாஸ்டன் பனிக்கட்டியும் சென்னைக் கடற்கரையும்

பனிக்கட்டி இயற்கையில் ஆலங்கட்டியாக மட்டுமே அறியப்பட்ட தமிழகத்திற்கு இக்கணக்கின் பயன் ஒரு வணிகப் பொருளாகக் கடல்வழியே வந்து சேர்ந்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து வணிகரான ஃபிரெடெரிக் டியூடர், அம்மாநிலத்து ஏரிகளில் குளிர்காலத்தில் உறையும் பனிக்கட்டியை அறுத்தெடுத்து வெப்பநாடுகளுக்கு அனுப்பி வந்தார். 1833 மே மாதம் பாஸ்டனிலிருந்து புறப்பட்ட ‘டஸ்கனி’ என்னும் கப்பல் 180 டன் பனிக்கட்டியுடன் ஏறத்தாழ நான்கு மாதங்கள் கடலில் பயணம் செய்து கல்கத்தாவை அடைந்தபோது, சுமார் 100 டன் உருகாமல் எஞ்சியிருந்தது. இவ்வெற்றியைத் தொடர்ந்து கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் பனிக்கட்டிக் கிடங்குகள் எழுந்தன. சென்னைக் கடற்கரையில் 1842ஆம் ஆண்டளவில் கட்டப்பட்ட ‘ஐஸ் ஹவுஸ்’ மட்டுமே அவற்றுள் இன்றும் நிலைத்திருப்பது. 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் தங்கிய இக்கட்டடம் 1963இல் விவேகானந்தர் இல்லம் எனப் பெயர் பெற்றது.

பனிக்கட்டியைப் பாதுகாத்தது கப்பலின் அடித்தளத்தில் இறுகச் செறிக்கப்பட்ட மரத்தூள் என்று பொதுவாகக் கூறுவர். அஃது உண்மையே. ஆனால் மரத்தூள் வெப்பம் உட்புகும் வேகத்தைக் குறைக்கவே வல்லது. முற்றிலும் தடுக்க வல்லதன்று. அவ்வாறு புகுந்த வெப்பத்தைப் பனிக்கட்டி எவ்வாறு தாங்கிற்று என்பதைக் கணக்கிட்டுக் காணலாம்.

கணக்கின் எளிமை கருதி ஒரு டன்னை 1000 கிலோகிராம் எனவும், பயணத்தை 120 நாள் எனவும், ஏற்றும்போது பனிக்கட்டி சுழிக்குக் கீழ் 10 செல்சியஸ் பாகையில் இருந்தது எனவும் கொள்வோம். பனிக்கட்டியின் தன்வெப்பம் கிலோகிராமுக்கும் பாகைக்கும் 2.1 கிலோஜூல் ஆகும்.

சூடேற்றும் வெப்பம் = நிறை × தன்வெப்பம் × வெப்பநிலை உயர்வு. எனவே 180 டன் பனிக்கட்டியையும் சுழிப் பாகைக்குக் கொண்டுவர 1,80,000 × 2.1 × 10 = 37.8 இலட்சம் கிலோஜூல் வேண்டும்.

உருக்கும் வெப்பம் = நிறை × உருகுதலின் உள்ளுறை வெப்பம். எனவே உருகிப்போன 80 டன்னுக்குச் செலவானது 80,000 × 334 = 2.67 கோடி கிலோஜூல்.

இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 3.05 கோடி கிலோஜூல் வெப்பம் 120 நாளில் கப்பலின் சரக்கறைக்குள் புகுந்துள்ளது. இது நாளொன்றுக்குச் சுமார் 2.54 இலட்சம் கிலோஜூல். அதாவது இடைவிடாது எரியும் 3 கிலோவாட் மின்னடுப்பு ஒன்று தரும் வெப்பத்திற்கு ஏறத்தாழ நிகராகும். இவ்வேகத்தில் பனிக்கட்டியைச் சுழிப் பாகைக்குச் சூடேற்றும் முதற்படி 15 நாளில் முடிந்துவிடும். பிளாக்குக்கு முற்பட்டோர் எண்ணியவாறு உருகுதலுக்குத் தனி வெப்பம் வேண்டாமாயின், பாஸ்டனை விட்டகன்ற பதினைந்தாம் நாளிலேயே 180 டன்னும் நீராகியிருக்கும். கப்பல் அப்போது அட்லாண்டிக் பெருங்கடலிலேயே இருந்திருக்கும். எஞ்சிய 105 நாளும் சரக்கைக் காத்தது வெப்பமானிக்குத் தெரியாத அவ்வெப்பமே ஆகும். 1870களில் இயந்திரப் பனிக்கட்டி உற்பத்தி சென்னையில் தலையெடுத்த பின்னர் இவ்வணிகம் நலிந்து மறைந்தது.

செம்பு உருகும் முறை

உருகுதலுக்கே பெரும்பங்கு வெப்பம் செலவாகும் என்பதை எல்லாப் பொருளுக்கும் பொதுவிதியாகக் கொள்ளலாகாது. தமிழ் மரபில் உருக்குதற் கலையின் சிறந்த சான்றான படிம வார்ப்பு இதற்கு மாறான நிலையைக் காட்டுகின்றது. சுவாமிமலைத் தபதிகள் மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் மண் பூசிச் சுட்டு, மெழுகை உருக்கி வெளியேற்றி, அவ்வெற்றிடத்தில் உலோகக் குழம்பை வார்க்கின்றனர். மெழுகின் எடையைக் கொண்டே வேண்டிய உலோகத்தின் எடையைக் கணிக்கும் முறை, பன்னிரண்டாம் நூற்றாண்டில் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் பெயரில் அமைந்த ‘மானசோல்லாசம்’ என்னும் வடமொழி நூலிலும் கூறப்பட்டுள்ளது.

படிம உலோகத்தின் பெரும்பகுதி செம்பாகும். செம்பின் உருகுநிலை 1085 செல்சியஸ் பாகை. தன்வெப்பம் அறை வெப்பநிலையில் கிலோகிராமுக்கும் பாகைக்கும் சுமார் 0.39 கிலோஜூல், உருகுதலின் உள்ளுறை வெப்பம் கிலோகிராமுக்குச் சுமார் 205 கிலோஜூல். ஒரு கிலோகிராம் செம்பை 30 பாகையிலிருந்து உருகுநிலைக்குச் சூடேற்ற 1055 × 0.39 = 411 கிலோஜூல் வேண்டும். சூடு ஏறுந்தோறும் தன்வெப்பமும் சற்று உயர்வதால் உண்மைத் தேவை இதனினும் மிகுதி. எனவே செம்பில் சூடேற்றுவதற்கு ஆகும் வெப்பம் உருக்குவதற்கு ஆவதைப்போல் இருமடங்குக்கு மேற்பட்டது. மாறாக, சுழிக்குக் கீழ் 10 பாகையிலுள்ள ஒரு கிலோகிராம் பனிக்கட்டிக்குச் சூடேற்றுவதற்கு 21 கிலோஜூலும் உருக்குவதற்கு 334 கிலோஜூலும் வேண்டும். இவ்விரு படிகளையும் தனித்தனியே கணக்கிட்டுக் கூட்ட வேண்டியதன் தேவை இதனால் விளங்கும்.

மூன்று சொற்கள், மூன்று கருத்துருவங்கள்

மேற்கண்ட வரலாற்றின் பின்னணியில் முன்னுரையில் சுட்டிய மூன்று சொற்களையும் இனி நோக்கலாம்.

பிளாக் பயன்படுத்திய ஆங்கிலச் சொல், ‘ஒளிந்திருத்தல்’ எனப் பொருள்படும் இலத்தீன் வினையடியாகப் பிறந்தது. இலங்கைத் தமிழின் ‘மறைவெப்பம்’ இதற்கு நேரான ஆக்கமாகும். வெப்பமானியின் பார்வையிலிருந்து மறைந்த வெப்பம் என்பதே இதன் பொருள். ஆய்வாளன் கண்டது எதுவோ அதனை அப்படியே கூறுவது இச்சொல்லின் சிறப்பாகும். ஆயின் மறைந்த வெப்பம் எங்குச் சென்றது என்பதற்கு இச்சொல்லில் விடையில்லை.

மலையாளத்தின் ‘லீனதாபம்’ வடமொழி ஆக்கம். ‘லீனம்’ என்பது ஒன்றியது, ஒடுங்கியது, ஒன்றனுள் கலந்தது என்று பொருள்படும். பிரெஞ்சு அறிஞர் லவாய்சியர் வெப்பத்தை ஒரு நுண்பொருளாகக் கருதி, தனித்து நிற்கும் வெப்பப்பொருள் என்றும் பிறபொருளோடு கூடிய வெப்பப்பொருள் என்றும் 1789இல் வெளியிட்ட தம் வேதியியல் நூலில் பகுத்தார். ‘லீனம்’ என்னும் சொல் இக்கொள்கைக்கு நெருக்கமானது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஜூல் முதலியோரின் ஆய்வுகளால் வெப்பம் பொருளன்று, ஆற்றலே என்பது நிறுவப்பட்டபின் அக்கொள்கை கைவிடப்பட்டது.

தமிழ்நாட்டு வழக்காகிய ‘உள்ளுறை வெப்பம்’ என்னும் தொடரில் உள்ள ‘உள்ளுறை’ தமிழ் இலக்கணத்தில் நெடுங்காலமாக வழங்கும் கலைச்சொல்லாகும். தொல்காப்பியப் பொருளதிகாரம் உவமத்தை உள்ளுறை உவமம், ஏனை உவமம் எனப் பகுக்கின்றது. ஏனை உவமத்தில் பொருள் வெளிப்பட நிற்கும். உள்ளுறை உவமத்தில் கூற வந்த பொருள் சொல்லப்படாமல், கருப்பொருள்களைப் பற்றிய வருணனைக்குள் தங்கியிருக்கும்; கேட்போர் அதனை உய்த்துணர்ந்து மீட்டெடுப்பர். பொருள் அங்கு மறைக்கப்படுவதில்லை, உறைகின்றது.

இவ்வொப்புமை வெறும் சொல்லழகு அன்று. உருகும் பனிக்கட்டி பெற்ற வெப்பமும் வெளிப்படத் தோன்றாது, கணக்கினால் உய்த்துணரப்படுவது. அது தொலைந்து போவதுமில்லை. நீர் மீண்டும் பனிக்கட்டியாகும்போது கிலோகிராமுக்கு அதே 334 கிலோஜூல் வெளிப்படுகின்றது. இன்றைய இயற்பியலின்படி, உருகும்போது பெறப்படும் ஆற்றல் மூலக்கூறுகளின் இயக்க வேகத்தை உயர்த்துவதில்லை. அவற்றை ஓர் ஒழுங்கில் நிறுத்தியுள்ள பிணைப்புகளைத் தளர்த்துவதற்குச் செலவாகிப் பொருளின் அக ஆற்றலில் ஒரு கூறாக நிற்கின்றது. பொருளின் உள்ளே தங்கி, உரிய நிலையில் மீண்டும் வெளிப்படுவது என்னும் இவ்விளக்கத்திற்கு மூன்று சொற்களுள்ளும் ‘உள்ளுறை’யே மிக நெருங்கி நிற்கின்றது எனலாம்.

இச்சொல்லில் ஓர் இடர்ப்பாடும் உண்டு. ‘உறை’ என்னும் வினை தங்குதல் என்ற பொருளோடு நீர்மம் இறுகுதல் என்ற பொருளும் உடையது. ‘உறைவிடம்’ முன்னதற்கும், ‘உறைநிலை’, ‘உறைபனி’ ஆகியன பின்னதற்கும் எடுத்துக்காட்டுகளாகும். ‘நீர் உறையும்போது உள்ளுறை வெப்பம் வெளிப்படுகின்றது’ என்னும் தொடரில் ஒரே வினையடி இரு பொருளில் இருமுறை வருகின்றது. ஆசிரியர் விளக்காவிடில், உள்ளே உறைந்து இறுகிய வெப்பம் என்று மாணவர் பிழையாகக் கொள்ள இடமுண்டு. இதுபோன்றே பேச்சுவழக்கில் பனிக்கட்டி ‘கரைந்தது’ என்றும் ‘உருகியது’ என்றும் வேறுபாடின்றிக் கூறுகிறோம். உப்பு நீரில் கரைவதும் பனிக்கட்டி வெப்பத்தால் உருகுவதும் வேறு வேறு நிகழ்வுகள் என்பதைப் பாடநூல் தெளிவாக உணர்த்த வேண்டும்.

கலைச்சொல் முயற்சிகளும் பிரிவுகளும்

தமிழில் அறிவியலை எழுதும் முயற்சி தொடக்கத்திலிருந்தே கடல் கடந்ததாகவும் எல்லை கடந்ததாகவும் இருந்துள்ளது. பனிக்கட்டியை அனுப்பிய அதே மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் தமிழில் மருத்துவம் கற்பித்தார். அவருடைய முயற்சியால் 1875இல் ‘கெமிஸ்தம்’ என்னும் வேதியியல் நூல் வெளிவந்தது. திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியராக விளங்கிய மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளை, அறிவுத்துறைகளை வகைப்படுத்திக் காட்டும் ‘நூற்றொகை விளக்கம்’ என்னும் நூலை எழுதினார். 1916இல் இராசகோபாலாச்சாரியார் முதலியோர் தமிழ் அறிவியற் சொற்களுக்கெனச் சேலத்தில் ஒரு சங்கத்தையும் இதழையும் தோற்றுவித்தனர். 1936இல் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் மேற்கொண்ட கலைச்சொல்லாக்கப் பணிக்கு ஈழத்தவரான விபுலானந்த அடிகள் தலைமை தாங்கினார். அதன் பயனான ‘கலைச்சொற்கள்’ 1938இல் வெளிவந்தது.

இவ்வாறு ஒன்றாய் நடந்த பணி பின்னர் அரசெல்லைகளுக்கேற்பக் கிளைத்தது. தமிழ்நாட்டில் ‘ஆற்றல்’ எனப்படுவது இலங்கையில் ‘சக்தி’ ஆயிற்று. இங்கு ‘திறன்’ எனப்படுவது அங்கு ‘வலு’ ஆயிற்று. ‘உள்ளுறை வெப்பம்’, ‘மறைவெப்பம்’ என்னும் பிரிவும் இவ்வகையினதே. இலங்கையில் உயர்தர வகுப்புவரை இயற்பியல் தமிழிலேயே கற்பிக்கப்படுவதால் அங்குள்ள சொற்கள் ஆழ்ந்த பயிற்சியும் கணக்கு வழக்கும் பெற்றவை. அவற்றை வட்டார வழக்கென ஒதுக்குதல் பொருந்தாது.

கேரளத்தின் நிலை இன்னும் நுட்பமானது. 1956 நவம்பர் 1ஆம் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தபின், திருவனந்தபுரத்திலும் இடுக்கி, பாலக்காடு ஆகிய பகுதிகளிலும் வாழும் தமிழர் மொழிச் சிறுபான்மையினராயினர். இவர்களுக்கெனத் தமிழ்வழிப் பள்ளிகளும் மாநில அரசின் தமிழ்ப் பாடநூல்களும் உள்ளன. இம்மாணவர் தம் வகுப்பறையில் தமிழ்ச் சொல்லையும், சுற்றிலும் ‘லீனதாபம்’ என்னும் மலையாளச் சொல்லையும், மேற்படிப்பில் ஆங்கிலச் சொல்லையும் எதிர்கொள்கின்றனர். இணையத்தில் தமிழ் விளக்கம் தேடுவோர் இலங்கைச் சொல்லையும் காண்பர். இவை நான்கும் ஒரே 334 கிலோஜூலைக் குறிப்பன என்று எவரும் சொல்லித் தராவிடில், கணக்குத் தெரிந்த மாணவரும் சொல்லில் இடறுவர்.

முடிவுரை

சூடேற்றுதலும் உருக்குதலும் வெவ்வேறு வெப்பத் தேவைகளை உடையன என்னும் உண்மையைப் பிளாக்கின் சோதனை நிறுவியது. பாஸ்டன் பனிக்கட்டியின் கடற்பயணம் அதனை உலகறியக் காட்டியது. செம்பின் கணக்கு அதன் விகிதம் பொருளுக்குப் பொருள் மாறுவதை உணர்த்துகின்றது. இவ்வுண்மையைக் குறிக்கும் சொற்களுள் ‘மறைவெப்பம்’ சோதனையில் கண்டதைக் கூறுகின்றது. ‘லீனதாபம்’ பழைய கொள்கை ஒன்றின் சாயலைத் தாங்குகின்றது. ‘உள்ளுறை வெப்பம்’ தமிழ்ப் பொருளிலக்கண மரபின் துணையோடு இன்றைய விளக்கத்திற்கு நெருங்கி நிற்கின்றது.

எனினும் இவ்வாய்வு ஒரு சொல்லை ஒழித்து மற்றொன்றை நிறுவக் கருதுவதன்று. தமிழ்வழிப் பாடநூல்கள், சிறப்பாகக் கேரளத்துத் தமிழ்ப் பாடநூல்கள், ‘உள்ளுறை வெப்பம்’ என்பதைத் தலைமைச் சொல்லாகக் கொண்டு, முதன்முறை வருமிடத்தில் ‘மறைவெப்பம்’, ‘லீனதாபம்’ ஆகியவற்றையும் உடன் தந்து, ‘உறை’ என்பதன் இருபொருளையும் ஒரு தொடரில் விளக்குதல் போதுமானது. இப்பணியை இயற்பியலாசிரியரிடம் மட்டும் விட்டுவிடாமல் தமிழ்த்துறையினரும் ஏற்க வேண்டும். உள்ளுறை உவமம் கற்பிக்கும் தமிழாசிரியர், அச்சொல் பக்கத்து வகுப்பின் இயற்பியல் பாடத்திலும் வழங்குவதை எடுத்துக்காட்டினால், இரு பாடங்களும் ஒன்றற்கொன்று துணையாகும்.